ஆடிக்காற்றும் ரோட்டாவேட்டர் மாவும்

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் ஏதாவது ஒரு மானாவாரிக் காட்டின் கிழக்கு வேலியோரம் குனிந்து பாருங்கள். கிளுவைக் குச்சிகளின் அடியில் செம்மண் ஒதுங்கி மேடு கட்டியிருந்தால், அந்தக் காட்டில் காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு கை அள்ளித் தேய்த்தால் ரவை மாதிரி நறநறக்கும். அது மண் இல்லை, மணல். அதோடு சேர்ந்து கிளம்பிய களிமண் துகளும் மக்கிய சத்தும் வேலியில் நிற்கவில்லை. தூசியாக மேலே ஏறிக் கிணத்துக்கடவு தாண்டிப் போயிருக்கும்.

"ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது சுலபம். அம்மி பறப்பதில்லை. பறப்பது ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான பொடி. அந்தப் பொடியை ஆடியில் காற்று செய்யவில்லை, வைகாசியில் நாம் செய்து வைத்தோம். எந்த ஈரத்தில் உழுதோம், எதை வைத்து உழுதோம், கடைசி ஓட்டம் எப்படி ஓட்டினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இடம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாசல், பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. மழையில் பெரும்பங்கை மேற்கிலேயே இறக்கிவிடுகிறது. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து சேரும்போது மிஞ்சுவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டதும் இதே காற்றை நம்பித்தான். கார்த்திகை, மார்கழி, தையில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து திருப்பி வீசுகிறது. மலையாளத்துக்காரர்கள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். ஆக, வருஷத்துக்கு இரண்டு தடவை அடி. ஒரே வசதி, இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வருகின்றன. வடக்கு தெற்காக மண்ணை அணைத்துப் பார் (மேட்டு வரிசை) பிடித்தால் இரண்டுக்கும் குறுக்கே நிற்கும்.

மண் கிளம்புவது மூன்று விதம். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணல் தரையோடு உருண்டு போகும். 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள தூசி மேலே ஏறிவிடும், திரும்ப வராது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மணல்தான் வில்லன். அது எழும்பித் துள்ளி, சாய்வாக வந்து தரையில் மோதும். மோதுகிற இடத்தில் இன்னும் நாலு துகளைக் கிளப்பிவிடும். நகர்கிற மண்ணில் பாதிக்கு மேல் இந்தத் துள்ளலில்தான் நகர்கிறது. துள்ளல் பெரும்பாலும் ஒரு அடி உயரத்துக்குள் அடங்கிவிடும். தக்காளி, மிளகாய் நாற்று நிற்கும் உயரமும் அதுதான். நாற்றின் மேற்குப் பக்கத் தண்டு மட்டும் சுரண்டின மாதிரி வெளுத்து, இலை ஓரம் செம்பு நிறத்தில் கருகியிருந்தால் அதை நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். மணல் அடித்த காயம் அது.

காய்ந்து வெறுமையாகக் கிடக்கும் பொடி மண், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும்போது நகரத் தொடங்கும். அதற்கு மேல் கணக்கு நேராக ஏறாது. காற்று அள்ளும் மண்ணின் அளவு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போகும். வேகம் இரண்டு மடங்கானால் மண் எட்டு மடங்கு. அதனால்தான் மாதம் முழுக்க ஒன்றும் ஆகாமல் இருந்த காடு மூன்று நாள் பலத்த காற்றில் வெளுத்துப் போகிறது.

போனது கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு தொந்தரவு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் சீராகப் போனால் நாலு கன மீட்டர், எடை போட்டால் 5 டன்னுக்கு மேல். ஒரு டிராக்டர் டிரெய்லரில் அடங்காத மண். வரப்பில் நின்று பார்த்தால் காடு நேற்று இருந்த மாதிரியே இருக்கும்.

இனி ஈரம். மண்ணில் ஈரம் இருந்தால் பறக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த மண்ணில் என்பதைத்தான் பலர் கேட்பதில்லை. காற்று தொடுவது மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டரை மட்டும். கீழே நாலு விரல்கடையில் ஈரம் சொதசொதவென்று இருக்கலாம், பயிருக்கு அது போதும், மேல்தோல் காய்ந்திருந்தால் காற்றுக்கும் அது போதும். வெயிலோடு பலத்த காற்றும் சேர்ந்தால் காலையில் நனைத்த தோல் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

எவ்வளவு ஈரம் போதும் என்பது மண்ணுக்கு மண் மாறும். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு மெல்லிய பாலம் கட்டுகிறது. அந்தப் பாலம் இழுத்துப் பிடிக்கும்வரை துகள் எழும்பாது. பயிர் வாடி மறுபடி தலை தூக்காத நிலை ஒன்று உண்டே, மேல்தோலில் அந்த நிலைக்குச் சமமான ஈரம் இருந்தால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மணற்பாங்கான செம்மண்ணில் அது மூன்று நாலு சதவீதம்தான். கரிசலில் பதினைந்துக்கும் மேலே. களித்துகள்கள் முதலில் வருகிற தண்ணீரைத் தங்கள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கின்றன. பாலம் கட்ட மிச்சம் வருவது அப்புறம்தான். ஆகவே லேசாக நனைந்த செம்மண் பறக்காது, லேசாக நனைந்த கரிசல் பொடி பறக்கும்.

அப்படியானால் தண்ணீர் தெளித்து மண்ணைப் பிடித்துவிடலாமா? கணக்கைப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் நனைக்க ஏக்கருக்கு 20,000 லிட்டர். அது அரை நாளோ ஒரு நாளோ தாங்கும். ஆழியாறு தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கிற ஊரில் தினமும் அதைச் செய்ய முடியாது. நட்டு ஒரு வாரம் ஆகாத நாற்று நிற்கிற அரை ஏக்கரில், காற்று வலுக்கிற மூன்று நாளுக்கு மட்டும், ஸ்பிரிங்ளர் இருந்தால் காலையில் ஓட்டலாம். சொட்டு நீர்ப் பாசனம் இதற்கு உதவாது. குழாய் ஓரம் ஒரு முழம் நனையும், நடுப்பட்டை காய்ந்தே கிடக்கும், துள்ளல் அங்கிருந்து கிளம்பும்.

ஈரத்தின் உண்மையான வேலை உழுகிற நாளில்தான். ஒரே நிலம், ஒரே கலப்பை, நாலு நாள் வித்தியாசத்தில் உழுதால் இரண்டு வேறு மண் கிடைக்கும். எலும்பாகக் காய்ந்தபின் உழுதால் கட்டி நொறுங்கித் தூசியாகும். சேறாக இருக்கும்போது உழுதால் கொழு தேய்த்துத் தள்ளிய மண் செங்கல் மாதிரி இறுகும், அடியில் கெட்டிப் பட்டை விழும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அதில் உழுதால் எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் நிறைய வரும், அவை காய்ந்த பின்னும் கையால் நசுக்கினால் சட்டென்று உடையாது.

பதம் பார்க்கக் கருவி தேவையில்லை. உழப்போகிற ஆழத்திலிருந்து, அதாவது நாலைந்து அங்குலம் தோண்டி, ஒரு பிடி மண் எடுங்கள். மேல் மண்ணை எடுத்துப் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. உள்ளங்கையில் வைத்து ஊதுபத்தியைவிடக் கொஞ்சம் தடிமனான திரியாக, சுமார் 3 மில்லிமீட்டருக்கு, உருட்டுங்கள். திரி முறியாமல் நீண்டு வந்தால் ஈரம் ஜாஸ்தி, இரண்டு நாள் பொறுங்கள். திரியாக வரத் தொடங்கி அந்தத் தடிமனுக்கு முன்பே துண்டு துண்டாக வெடித்தால் இன்றைக்கே டிராக்டரைக் கூப்பிடலாம். பிடித்தாலே உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் பதம் போய்விட்டது. அடுத்த கோடை மழை வரை அந்தக் காட்டைத் தொடாமல் விடுவது உழுவதைவிட நல்லது. செம்மண்ணில் இந்தப் பதம் மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாளில் வந்து சீக்கிரம் போய்விடும். கரிசலில் தாமதமாக வரும். டிராக்டர் ஆள் "ஞாயித்துக்கிழமை வரேங்க" என்பான். பதம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காது.

"சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்கிற பழமொழியை இங்கே இழுப்பவர்கள் உண்டு. கோடை உழவு நல்லதுதான், மறுக்கவில்லை. களை வேர் காயும், கூட்டுப்புழு வெயிலுக்கு வரும், பெய்கிற மழை இறங்கும். ஆனால் அந்தப் புழுதி நாட்டுக் கலப்பை போட்ட புழுதி. மரக் கலப்பை மண்ணைப் பிளந்து ஒதுக்கும், அரைக்காது. கட்டியும் பொடியும் கலந்து கிடக்கும். அதே பெயரில் இன்றைக்கு நாம் போடுவது, டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடிக்கும் ரோட்டாவேட்டர் அரைத்த மாவு. மேல்மண்ணை நன்றாகப் பொடித்து வைத்தால் அடி ஈரம் காக்கும் என்று நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கச் சமவெளியிலும் சொல்லிக் கொடுத்தார்கள். 1930களில் வறட்சி வந்தபோது அந்தப் பொடி எழும்பிப் பகலை இருட்டாக்கியது. 1935 ஏப்ரல் 14 வீசிய புயலுக்குக் கருப்பு ஞாயிறு என்றே பெயர். ஈரம் காக்க மேல்மண்ணை உடைத்துத் தளர்த்தினால் போதும், மாவாக்கத் தேவையில்லை. கட்டி கலந்த மூன்று அங்குல அடுக்கே ஆவியாவதைத் தடுத்துவிடும்.

ரோட்டாவேட்டரை அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோளக்கட்டையைத் துண்டாக்க அதைவிட நல்லது இல்லை. ஓட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது. உருளை நிமிஷத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது, ஒரு பக்கத்துக்கு மூன்று கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2 கிலோமீட்டரில் வண்டி ஊர்ந்தால் ஒவ்வொரு கத்தியும் ஐந்தரை சென்டிமீட்டர் மண்ணைச் சீவும். மணிக்கு 5 கிலோமீட்டரில் போனால் 14 சென்டிமீட்டர். முதலாவது மாவு, இரண்டாவது கட்டி. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிற இடத்தில் வண்டி ஊர்வதற்குத்தான் காரணம் இருக்கிறது, பார்க்கிற நமக்கும் மாவு மாதிரி இருந்தால்தான் திருப்தி. பின்பக்கத் தட்டை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். தட்டு இறங்கியிருந்தால் எறிந்த கட்டி அதில் மோதி இன்னொரு முறை உடையும். ஒரே ஓட்டம், இரண்டாவது வேண்டாம். கடைசி ஓட்டம் ரோட்டாவேட்டராக இருக்கவே கூடாது. அதற்குப் பின்னால் கொக்கிக் கலப்பை ஒரு ஓட்டம் விட்டால் கீழிருக்கிற கட்டி மேலே வரும், பொடி கீழே இறங்கும். பரம்பு அடித்து நிரவுவதை மானாவாரிக் காட்டில் விட்டுவிடலாம்.

போதுமான கட்டி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் காய்ந்த மேல்மண் ஒரு கிலோ, ஒரு அங்குல ஆழத்துக்குள் எடுத்து, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கண் உள்ள சல்லடையில் மெதுவாக ஆட்டுங்கள். ஆய்வகத்தில் இதற்கு 0.84 மில்லிமீட்டர் சல்லடை வைத்திருப்பார்கள். சல்லடையில் நின்றது காற்றுக்கு அசையாது. 600 கிராமுக்கு மேல் நின்றால் நிம்மதி. 300க்குக் கீழே போனால் அந்தக் காட்டுக்கு ஆடிக்குள் தழை, தட்டை என்று ஏதாவது பரப்பி மூடாக்கு போட்டாக வேண்டும். சல்லடையைத் தட்டாதீர்கள், தட்டினால் கட்டி உடைந்து கணக்கு கெடும்.

பார் பிடிப்பதில் அளவு முக்கியம். உயரம் ஒரு பங்கு என்றால் இடைவெளி நாலு பங்கு, அதாவது 10 சென்டிமீட்டர் உயரப் பாருக்கு 40 சென்டிமீட்டர் இடைவெளி நன்றாக வேலை செய்யும். துள்ளி வரும் மணல் பாருக்கு நடுவிலுள்ள சாலில் (பள்ளத்தில்) விழுந்து அடங்கிவிடும். ஒரு அடிக்கு மேல் உயர்த்தினால் உச்சியில் காற்று வேகம் கூடி, பாரின் தலையே சீவப்படும். வெறும் மணலில் பார் பிடிப்பது வீண், உச்சி உதிர்ந்து இரண்டு நாளில் சமமாகிவிடும். காடு வடக்கு தெற்காகச் சரிந்திருந்தால் வேறு சிக்கல். காற்றுக்குக் குறுக்கே போட்ட சால், மழைக்கு வாய்க்காலாகிவிடும். அங்கே மூன்று நாலு மீட்டருக்கு ஒரு இடத்தில் சாலுக்குள் மண் அணைத்துக் குறுக்குக் கட்டு போட வேண்டும்.

நிலக்கடலை விதைக்கிறவர்கள் காடு முழுக்கப் பொடியாக்குவதற்குச் சொல்லும் காரணம், முளைப்பு. விதை விழுகிற சாலில் மட்டும் பொடி இருந்தால் போதும். சாலுக்குச் சால் ஒரு அடி இடைவெளியில் கட்டி கிடக்கட்டும். விதைத்த பின் பெய்கிற சாரலையும் கவனியுங்கள். சாரல் கட்டியைக் கரைத்து மேடு பள்ளத்தை நிரவி, மேலே ஒரு மெல்லிய ஓடு கட்டும். ஓடு தன்னளவில் நல்லது, காற்றைத் தாங்கும். ஆனால் கரைந்த மணல் தனியாகக் கழுவப்பட்டு அந்த ஓட்டின் மேல் தூவிக் கிடக்கும். காய்ந்ததும் அந்த மணல் துள்ளி ஓட்டை உளி மாதிரி கொத்தும். அதனால் சாரல் நின்று மறுநாளோ மூன்றாம் நாளோ, உள்ளே ஈரம் இருக்கும்போதே வரிசைக்கு நடுவில் ஒரு கொத்து. இருபதாம் நாள் களைக் கொத்தை அதனோடு சேர்த்துக்கொண்டால் செலவு ஒன்றுதான். காய்ந்த பின் கொத்தினால் இருக்கிற ஓட்டையும் பொடியாக்கின பாவம்.

கரிசல் காட்டுக்காரர்கள், கேரளத்தில் கரிசல் என்றாலே சித்தூர் வட்டம்தான், தங்கள் மண் கனமானது, பறக்காது என்று நம்புகிறார்கள். பாதி உண்மை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கரிசலின் மேல்தோல் தானாகவே கடுகு மாதிரி மணிமணியாக உதிரும். அந்த மணி பார்க்கக் கட்டி, காற்றுக்கு அது மணல். கரிசலில் ஒரே நல்ல விஷயம், அடியிலிருந்து புதுக் கட்டியைக் கொண்டுவர முடியும்.

எல்லாவற்றையும்விட மலிவான காவல், அறுத்த பயிரின் கட்டை. தரையில் 30 சதவீதம் தட்டை கிடந்தாலே அரிப்பு ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு குறையும். நிற்கிற கட்டை, படுத்த தட்டையைவிட மேல். சோளத்தையும் மக்காச்சோளத்தையும் தரையோடு ஒட்ட அறுக்காமல் ஒரு அடி விட்டு அறுங்கள். தட்டு மாட்டுக்கு வேண்டும் என்பது புரிகிறது, அடி ஒரு அடியை மாடு எப்படியும் விரும்பித் தின்பதில்லை. நிலக்கடலைதான் இந்த விஷயத்தில் மோசமான பயிர். வேரோடு பிடுங்கி, மண்ணைக் கிளறி, கொடியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். ஐப்பசியில் அம்மணமாக விட்ட காட்டில் கார்த்திகைக் கிழக்குக் காற்று இறங்குகிறது. கடலை பிடுங்கின ஈரத்திலேயே ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதைத்துவிட்டால் காற்று வலுப்பதற்குள் தரை மூடிவிடும். காய் கிடைத்தால் லாபம், இல்லாவிட்டாலும் மண் நிற்கும்.

தென்னை நார்க்கழிவு பக்கத்திலேயே மலைபோல் கிடக்கிறதே என்று அதைக் கொட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். காய்ந்த நார்க்கழிவு மண்ணுக்கு முன்னால் பறக்கும். மக்காததைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொண்டு பயிர் மஞ்சளாகும். மக்க வைத்து, நனைத்து, மேல் மண்ணோடு கலந்தால்தான் பயன். மூடாக்குக்குத் தென்னை மட்டையே மேல், அடிக்கட்டை மேற்கே பார்க்கும்படி போட்டால் காற்று புரட்டாது.

தோப்பையே காற்றுத் தடுப்பு என்று நம்பிவிடுகிறவர்களும் உண்டு. வளர்ந்த தென்னைக்கு மேலே கொண்டை, கீழே வெறும் தண்டு. கொண்டை தடுத்த காற்று கீழே தண்டுகளுக்கு நடுவில் வேகமெடுத்து, சரியாகத் தரையோரம் பக்கத்துக் காட்டில் பாயும். தோப்பின் மேற்கு ஓரத்தில் அகத்தியோ கிளைரிசிடியாவோ இரண்டு வரிசை நெருக்கமாக நட்டுக் கீழ்ப்பகுதியை அடைத்தால்தான் அது தடுப்பு. சுவர் மாதிரி அடைக்கவும் கூடாது, காற்று மேலே ஏறிப் பின்னால் சுழன்று விழும். பாதிக்குப் பாதி ஓட்டை இருக்கிற வேலிதான் நல்ல வேலி. உயரத்தின் பத்து மடங்கு தூரம் அதன் நிழலில் காற்று அடங்கியிருக்கும். இந்த வருஷமே வேண்டுமென்றால் மேற்கு ஓரத்தில் நாலைந்து வரிசை நாட்டுச்சோளம் ஆனி தொடக்கத்தில் நெருக்கி விதைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்யாமல் காடு தூசியாகப் புகையத் தொடங்கிவிட்டால், மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். துள்ளல் அங்கே சின்னதாகப் பிறந்து கிழக்கே போகப் போகப் பெருகுகிறது. கிழக்கே நிற்கிற புகையைத் துரத்துவது வீண். உளிக்கலப்பையை இரண்டு மூன்று அடி இடைவெளியில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், காற்றுக்குக் குறுக்கே, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் கட்டி மேலே வரும். முழுக் காடும் உழ வேண்டியதில்லை, பட்டை விட்டுப் பட்டை உழுதாலே பெரும்பாலும் அடங்கும். மணற்பாங்கான இடத்தில் மேலே வரக் கட்டியே இருக்காது. அங்கே உளியை விடாமல், ஈரச் சாணியெருவையோ மட்டையையோ மேட்டிலும் மேற்கு ஓரத்திலும் பரப்புங்கள்.

மணல் அடித்த நாற்றை உடனே பிடுங்கி எறியாதீர்கள். நடுக்குருத்து பச்சையாக இருந்தால் நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்து, புது இலை விடாததை மட்டும் மாற்றி நடலாம். வேலியோரம் சேர்ந்த மண்ணை ஐப்பசி மழைக்கு முன் அள்ளிப் பழைய இடத்தில் போடுகிறவர்கள், அது மணல் என்பதை மறக்காமல் ஒரு டிப்பருக்குக் கால் டிப்பர் தொழு உரமாவது கலந்து போடுங்கள்.